கதவுக்குப் பின்னால் தொங்கும் அட்டை

செல்லூரில் எனக்கு ஒரு நாளைக்கு ஐம்பது வீடு.
சேலைக்கு மேல் காக்கிச் சட்டை,
டார்ச், அபேட் பாட்டில்,
புழு அள்ள ஒரு டீ வடிகட்டி,
கயிறு கட்டிய பேனா.
வீடு பார்த்துவிட்டுக்
கதவுக்குப் பின்னால் தொங்கும் அட்டையில்
தேதி எழுதிக் கையெழுத்து.

"எங்க வீட்ல ஏதும்மா கொசு?
பந்தல்குடி வாய்க்காலப் போய்ப் பாரு."

பார்த்திருக்கிறேன்.
அது ராத்திரி வந்து காதில் பாடுகிற கொசு.
நான் தேடுவது பகலில் கடிப்பது,
சத்தமில்லாதது,
சாக்கடையை ஏறெடுத்தும் பார்க்காமல்
நீங்கள் குடிக்கிற தண்ணீரில் முட்டையிடுவது.

சொன்னால் சிரிப்பார்கள்.
ஃபிரிட்ஜைச் சுவரிலிருந்து நகர்த்தி
பின்னால் இருக்கிற தட்டில் டார்ச் அடித்தால்
சிரிப்பு நின்றுவிடும்.
"சனிக்கிழமைதான் வீட்டையே கழுவி விட்டேன்"
என்று புழுவிடம் சொல்வார்கள்.

நாலு நாளைக்கு ஒரு தரம் குழாய் வரும் தெருவில்
டிரம்மைக் கவிழ்க்கச் சொல்ல எனக்கு வாய் வராது.
பழைய வேட்டியால் இறுக்கி மூடுங்க என்பேன்.
வேட்டி இல்லாத வீடுகளும் உண்டு.

நாற்பத்தொன்றாவது வீடு மாடி.
கைப்பிடி இல்லாத படிகள், இருபத்து மூன்று.
மாடிக்கும் கீழுக்குமாக இரண்டு அட்டைகளும்
கீழ்க்கதவின் ஒரே ஆணியில்.
முழங்கால் வலி என்று சொல்லலாம்.
உண்மையில் பசி, மணி ஒன்றரை.
கீழே நின்றபடியே இரண்டிலும் போட்டேன்.
புழு இல்லை.
அப்படி மூன்று செவ்வாய்.

நாலாம் செவ்வாய் சூப்பர்வைசர் போன்.
"உங்க ஏரியால ஒரு பாசிட்டிவ்.
ஒம்பது வயசுப் பிள்ள. பெரியாஸ்பத்திரி."
கதவு எண்ணைச் சொன்னார்.
நான் எழுதிக்கொள்ளவில்லை.

அன்று சாயங்காலமே புகை வண்டி வந்தது.
தெருப் பிள்ளைகள் பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடினார்கள்.
முனையில் நிலவேம்புக் கசாயம் ஊற்றினோம்;
பாதிப்பேர் வாயில் வைத்துத் துப்பினார்கள்.

பிள்ளை வீடு திரும்பிய மறுநாள் ஏறினேன்.
இருபத்து மூன்று.
பாண்டிச்செல்வி செம்பில் தண்ணீர் தந்தாள்.
"இருபத்தெட்டாயிரத்துக்கு இறங்கிருச்சுக்கா பிளேட்லெட்,
பெறகுதான் ஏறுச்சு.
நீங்க வாராவாரம் பாத்துங்கூட
எங்கிருந்து வந்துச்சோ."
தண்ணீர் தொண்டையில் நின்றது.

மொட்டைமாடி மூலையில்
கிரைண்டர் வந்த நாளில் ஒதுக்கிய ஆட்டுக்கல்.
குழியில் ஐப்பசி மழை, ஒரு சாண்.
டார்ச் பட்டதும்
கேள்விக்குறி கேள்விக்குறியாய் அடியில் இறங்கின.

ஊசி போட்ட கையில் பிளாஸ்திரியோடு
தர்ஷிகா வந்து பக்கத்தில் குந்தினாள்.
"இதா என்னக் கடிச்சுச்சு?"
"இது இல்ல. இதுக்கு இன்னும் ரெக்க மொளைக்கல."
"அப்ப இது பாவம்."
குழியிலிருந்து மொண்டு மொண்டு
சுடுகிற தளத்தில் ஊற்றினேன்.
கொஞ்ச நேரம் துள்ளியது தளம்.

கீழே கதவு வரை கூடவே வந்தாள்.
நாலாம் வகுப்பு. எழுத்துக்கூட்டாமல் படிக்கிறாள்.
அட்டையில் விரலை வைத்து
மேலிருந்து கீழே வந்தாள்.
"போன வாரமும் வந்தீங்களா?
அதுக்கு முந்தின வாரமும்?
நான் மாடியிலதான வெளையாண்டேன், பாக்கலயே."

பேனாக் கயிறு சட்டைப் பொத்தானில் சிக்கியிருந்தது.
எடுக்க நேரமானது.
தேதி எழுதினேன்.
ஆட்டுக்கல் ஒன்று, புழு உண்டு.
மேலே இருந்த மூன்று கையெழுத்தும்
இதைவிட அழகாக இருந்தன.

நாற்பத்திரண்டாம் வீட்டில் நாய் குரைத்தது.
அங்கேயும் மாடி உண்டு.