இருநூறு நிமிடங்கள்

மூன்றாம் குவார்ட்டரில் நாலு நிமிடம் மீதி.
பதினான்கு புள்ளி பின்னால் நிற்கிறோம்.
கோச் மிஸ் வாங்கைத் திரும்பிப் பார்க்கவில்லை.
வாங்கின் கடைசியில் ஹப்ஸா:
வயது பதினாலு, உயரம் ஐந்தடி பத்து.
தண்ணீர்ப் போத்தலின் மூடியைத்
திறந்து, பூட்டி, திறந்து, பூட்டி.

"அந்த நெட்டைப் பிள்ளையை இறக்கினால் என்ன?"
முதலில் கத்தியது நான்தான்.
ஹப்ஸாவின் வாப்பா கூட இல்லை.

வெளியே மழை.
ஆமர் வீதித் தேத்தண்ணிக் கடைக்கு வழக்கு இடம் மாறியது.
தோற்ற ஆட்டத்துக்கு ஊரெல்லாம் கோச்.
சிவநேசர் மாலுபணிஸைப் பிட்டபடி சொன்னார்:
"வெல்லத்தானே வாறம்? பழகின அஞ்சு பேரைத்தான் விடோணும்.
பரிசோதனைக்கு வேற இடம் இருக்கு."
"வென்றோமா?" என்றேன்.
அவர் வாய் நிறையப் பணிஸ்.
மெட்டில்டா அக்கா குடையை உதறினாள்:
"வாற வருஷம் பெரிய பிள்ளைகள் ஏ.எல். எண்டு போயிருவாங்க.
அப்ப யாரு ஓடுறது, நீங்களா?"
நௌபர் பேசவில்லை.
தேத்தண்ணியை ஆற்றி மகளிடம் நீட்டினார்.
அவள்தான் சிரித்துக்கொண்டு சொன்னாள்,
"இண்டைக்கும் ஜேர்சி கழுவத் தேவல்ல, உம்மாக்கு லாபம்."

எனக்குச் சோறு இறங்கவில்லை.
பழைய சோனகத் தெருவில் இரும்புக் கடைக் கணக்கன் நான்;
ஆணி, பிணைச்சல், அரை அங்குலக் குழாய்,
எது வந்தது, எது போனது என்று
இருபத்திரண்டு வருடம் எழுதிய கை.
அன்றிரவும் எழுதியது.
நாற்பது நிமிடம், ஐந்து பேர்: இருநூறு.
பிள்ளைகள் பன்னிரண்டு.
ஆறு ஆட்டத்தில் ஹப்ஸாவுக்குப் பதினொரு நிமிடம்,
அதில் ஒன்பது, முடிவு தெரிந்த பிறகு.
பார்த்தீர்களா மிஸ், என்று கேட்கத் தாள் தயார்.
ஆட்டத்துக்குப் பதினைந்து கொடுங்கள்.

வரவு எழுதினால் செலவும் எழுத வேண்டும்.
பதினைந்தை எந்தப் பெயரிலிருந்து எடுப்பது?
விரல் மேலிருந்து கீழே வந்தது, நின்றது.
சராசரி முப்பத்தொரு நிமிடம்.
பந்தைப் பறிகொடுத்தது ஆட்டத்துக்கு ஆறு தரம்.
பென்சில் எழுத்து என்னுடையது.
பெயரும் நான் வைத்ததுதான்: கார்மேலா.

தாளை மடித்துச் சோற்றுக் கோப்பைக்குக் கீழே வைத்தேன்.
முழங்காலில் ஐஸ் பையோடு நொண்டி வந்தவள்
உருவி எடுத்து வாசித்தாள்.
அழுவாள் என்று இருந்தேன்.
பென்சில் கேட்டாள்.
முப்பத்தொன்றை வெட்டி இருபத்திநாலு போட்டாள்.
"ஏழு குடுக்கலாம். பதினஞ்சு ஓவர், டடா.
அவளுக்கு இடப்பக்கம் போகவே தெரியாது."
கொட்டாஞ்சேனைச் சந்தை மீன்காரியும்
விலையில் இப்படி நிற்கமாட்டாள்.

அந்தத் தாளை நான் கொடுக்கவில்லை.
மிஸ் என்ன கணக்குப் பார்த்தாவோ,
சனிக்கிழமை, இரண்டாம் குவார்ட்டர்,
ஹப்ஸா உள்ளே, கார்மேலா வெளியே.
மூன்று நிமிடத்தில் இரண்டு ஃபவுல்.
ஒரு பந்து சொந்தக் காலில் பட்டு வெளியே உருண்டது.
சிவநேசர் என்னைத் திரும்பிப் பார்த்தார், மெதுவாக, சுவைத்து.
நாங்கள் பதின்மூன்று, அவர்கள் இருபத்தொன்று.

வாங்கிலிருந்து என் மகள் கத்துகிறாள்:
"இடப்பக்கம்! ஹப்ஸா, இடப்பக்கம்!"
ஹப்ஸா வலப்பக்கம்தான் போனாள்.
மோதினாள், விழுந்தாள், எழும்பி ஓடினாள்.

இப்போது நான் கத்த வேண்டும்.
எதைக் கத்துவது என்று தெரியவில்லை.
கோச் மிஸ் வாங்கைத் திரும்பிப் பார்க்கவில்லை.