இத்தா

சல்வீன் ஆற்றில் முங்கி எழுந்து
ஈரக் கைலியோடு வந்து நின்றார்.
மோல்மினில் மழை விட்டு ஒரு மாசம்.
"என்ன, படகு கவுந்துச்சா?" என்றேன்.
சிரிக்கவில்லை.
கைலியைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டுச் சொன்னார்,
மர மில்லில் கூட வேலை பார்க்கும் கரேன்காரர்
மூன்று வருடமாய்ப் படித்துக் காட்டியதையெல்லாம்.
எனக்குப் பாதி விளங்கியது.
மீதியைக் கேட்கவில்லை. உலை பொங்கிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை ஜமாத்திலிருந்து நாலு பேர்.
செருப்பைக்கூடக் கழற்றவில்லை.
நிக்காஹ் அறுந்துபோச்சு என்றார்கள்,
அவர் தலாக் சொல்லாமலே, நான் கேட்காமலே.
தீட்டு நின்றவளுக்கு மூன்று பிறை இத்தா.
அப்புறம் சபைக்காரர்கள் வந்தார்கள், பிஸ்கட் டின்னோடு.
என்னைப் பார்த்து நிறையச் சிரித்தார்கள்.

இன்னொரு வீட்டுக்கு எங்கே போக?
நடுவில் என் பழைய சேலையைக் கட்டினேன்.
இந்தப் பக்கம் முசல்லா.
அந்தப் பக்கம் அவர், அவர் இருமல்.
சோறு சேலைக்கு அடியில் போகும்,
தட்டு கழுவித் திரும்பி வரும்.

இரண்டாம் பிறை, நோன்புப் பிறை.
முதல் சஹருக்கே அயர்ந்துவிட்டேன்.
முப்பத்தொரு வருடம் என்னை எழுப்பிய அதே சத்தம்,
சட்டியில் கரண்டியால் இரண்டு தட்டு.
"மைமூனு, நேரமாச்சு."
சேலைக்கு அடியில் ஒரு டம்ளர் தேத்தண்ணி
ஆவி பறக்க நகர்ந்து வந்தது.

பாங்குக்கு முன்னால் குடித்து முடித்தேன்.
சீனி ரொம்ப.
அன்னிய ஆம்பளையிடம் அதைச் சொல்லக்கூடாதாம்.
அடியில் கரையாமல் கிடந்த சீனியோடு
டம்ளரை அப்படியே அந்தப் பக்கம் தள்ளினேன்,
பார்க்கட்டும்.