பிற – குறிப்பிடவும்

ஐந்தாம் தேதி இரவு பன்னிரண்டுக்குள்
அறிக்கை மஸ்கட் போய்ச் சேர வேண்டும்.
இப்போது ஒன்பதே கால்.
சூர் கடலோரம், இரண்டாம் மாடி,
ஏசிக்குக் கீழே துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு
போன மாதத்துத் தண்ணீரைக்
கட்டம் கட்டமாக இறக்கிக்கொண்டிருக்கிறேன்.

மீட்டர்களிலிருந்து வருகிறது, ஆய்வகத்திலிருந்து வருகிறது,
லாரி நிரப்புமிடத்தில் ஒருவர் பென்சிலால் எழுதி
போனில் படம்பிடித்து அனுப்பும் தாளிலிருந்தும் வருகிறது
(அதில் அவர் கட்டைவிரலும் இருக்கும்).
எல்லாம் ஒரே கடல்தான்.
ஒருவர் லிட்டர் என்கிறார், ஒருவர் கன மீட்டர்,
பழைய மீட்டர் ஒன்று இன்னும் காலன் கணக்கில் முனகுகிறது.

மென்பொருள் நல்லது, சொன்னால் கேட்கும்.
எல்லைக்குள் இருந்தால் பச்சை, தாண்டினால் சிவப்பு.
என் பெயரைத்தான் முழுதாக வாங்கிக்கொள்ளாது.
ஆங்கிலத்தில் பன்னிரண்டு எழுத்துக்கே இடம் என்பதால்
அரசியை வெளியே நிறுத்திவிட்டு
'மங்கையர்க்க' என்று
பக்கம்தோறும் அடியில் போட்டுக்கொள்கிறது.

எஞ்சிய குளோரின், பதினேழாம் தேதி,
இரண்டு மணி முதல் ஏழு வரை
ஆறு காலிக் கட்டங்கள்.

சுழியம் அல்ல.
சுழியம் என்றால் அளந்தோம், ஒன்றுமில்லை.
காலி என்றால் அளக்கவே இல்லை.
'இல்லை'க்கும் 'தெரியாது'க்கும் நடுவே
ஒரு ஊரே தண்ணீர் குடித்துவிட்டுத் தூங்கலாம்.
அன்று அப்படித்தான் தூங்கியது,
தொட்டியில் இருந்த இருப்பைக் குடித்து.

இரவுப் பதிவேட்டைத் தேடி எடுத்தேன்.
யாகூப் அல் பலூஷியின் சாய்ந்த அரபி:
'கடல் கெட்டுவிட்டது. மூடினேன்.'
பாசி பெருகித் துருநிறத்தில் அலை வந்த இரவு;
உறிஞ்சுகுழாயை அடைத்துவிட்டு
அவன் வடிகட்டிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கழுவியிருக்கிறான்.
மாதிரிக் குழாய் காய்ந்துபோய்
உணரிக்குச் சொல்ல ஏதும் இருக்கவில்லை.

காரணத்தைத் தேர்வு செய்க, என்கிறது திரை.
மின்தடை. உணரிப் பழுது. திட்டமிட்ட பராமரிப்பு.
பிற – குறிப்பிடவும்.
கடல் என்று ஒரு காரணம் பட்டியலிலேயே இல்லை.

பக்கத்திலேயே ஒரு பொத்தான்: இடைவெளியை நிரப்பு.
அழுத்தினேன்.
0.31, 0.31, 0.32, 0.32, 0.31, 0.31.
முழுப் பூசணிக்காய் சராசரிச் சோற்றுக்குள் போய்விட்டது.
சோறு பச்சையாய் இருந்தது.

'எல்லாம் பச்சையா?' கதவோரம் ஷெரீஃப்,
அலெக்ஸாந்திரியாக்காரர், எங்கள் மேலாளர்.
'அனுப்பிவிடு, வீட்டுக்குப் போவோம்.'
கெட்டவர் இல்லை. போன வருடம் ஒரு சிவப்புக் கட்டத்துக்கு
பதினொரு விளக்கக் கடிதம் எழுதியவர்.

எழுந்து போய்க் குழாயில் ஒரு தம்ளர் பிடித்தேன்.
எதிரில் நிற்பவரையும் தம்ளரில் இருப்பதையும்
'நீர்' என்றே அழைக்கும் மொழியில்
குடித்து முடித்தேன். ருசி ஏதும் இல்லை.
ருசி இல்லாதிருப்பதுதான் எங்கள் வேலை.

திரும்பி வந்து ஆறையும் அழித்தேன்.

மென்பொருள் மன்னிப்பதில்லை, மறப்பதுமில்லை.
தடப்பதிவில் இரண்டு வரி, என்றைக்கும்:
21:47 மங்கையர்க்க – நிரப்பல்.
21:52 மங்கையர்க்க – நீக்கல்.
அந்த ஐந்து நிமிடம் என்ன செய்தாய் என்று
யாராவது ஒரு தணிக்கையாளர் கேட்கக்கூடும்.
தண்ணீர் குடித்தேன் என்பேன்.

பிற என்பதைத் தேர்ந்தேன். நாற்பது எழுத்து.
நான் எழுதிய மூன்று வாக்கியமும் பிதுங்கின.
யாகூபுடையது அளவாக உட்கார்ந்தது.

ஷெரீஃப் படித்தார். நாற்காலி ஒன்றை இழுத்துப்போட்டு
கையிலிருந்த கார்ச் சாவியை மேசைமேல் வைத்தார்.
'சரி, கடிதங்களை இப்போதே தொடங்குவோம்.'

பதினொன்றே முக்காலுக்குப் போனது.
பெறப்பட்டது என்று ஓர் எண் வந்தது.

படிக்கட்டில் இறங்கும்போது யாகூபின் குரல்செய்தி,
பாதி அரபி, பாதி ஹிந்தி:
'பதினேழாம் தேதி அந்த ஆறு மணி நேரம்
என் ஓவர்டைம் தாளிலும் காலியாகவே இருக்கிறது,
கொஞ்சம் பார்க்க முடியுமா?'

அது வேறு மென்பொருள், யாகூப்.