லோவில் நிற்கவில்லை

ஐ.ஓ.சி. பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் பட்டறை.
ஜிப்ஸிக்கு அடியில் மல்லாந்து கிடக்கிறேன்.
நெட்டுக்குப்பம் தேசப்பன் வண்டி.
"லோவுல போட்டா நிக்கல சார்.
பாதி மணல் ஏறும்போது லீவர் தானா நியூட்ரலுக்கு வந்துருது.
போட்டு பின்னாலயே கடலுக்குப் போவுது."

முதலில் ஊற்றும் வாயைத் திற,
பிறகுதான் வடிக்கும் வாயை.
மாற்றிச் செய்தவன் எல்லா எண்ணெயையும் வடித்துவிட்டு
நிரப்ப வழியில்லாமல் உட்கார்ந்திருப்பான்.
உட்கார்ந்திருக்கிறேன், ஒருமுறை.

எண்ணெய் டீ நிறத்தில் வந்தது,
பால் கொஞ்சம் தூக்கலாக.
அலை உள்ளே போய்க் குடியிருந்திருக்கிறது.
காந்த நட்டில் பொடிப்பொடியாய் இரும்பு மயிர்.
அது பரவாயில்லை,
ஓடுகிற எதற்கும் கொஞ்சம் கொட்டத்தான் செய்யும்.

பதினாலாம் நம்பர் போல்ட்கள்.
உப்பு தின்றதுபோக பன்னிரண்டரை.
ஸ்பேனர் வழுக்கி முட்டி கிழிந்தது,
யாரையென்று தெரியாமல் திட்டினேன்.
கஃபூர் ஜாக்கியை இறக்க
டப்பா மெல்ல என் நெஞ்சுக்கு வந்தது:
மூச்சு விடலாம், பேச முடியாது,
அப்படி ஒரு எடை.

மேசையில் வைத்து ரப்பர் சுத்தியால்
தட்டு, சுற்றி வா, தட்டு.
நெம்பினால் முகம் கீறும், பிறகு ஆயுசுக்கும் ஒழுகும்.
பிளந்ததும் மூன்று தண்டுகள்,
ஒன்றின் பல்லில் ஒன்று.
இஞ்சின் அனுப்புவதை முன்னுக்கும் பின்னுக்கும் பங்கு வைக்கிற இடம்;
பங்கு வைக்கிற இடத்தில்தானே தேய்மானம்.

ஓரமெல்லாம் சிவப்புப் பசை,
பரோட்டாவுக்குச் சால்னா ஊற்றியதுபோல.
"எந்த நாய்டா இதைத் தொட்டது?"
கஃபூர் சிரித்தான்.
பக்கத்து மூடியைக் கழற்றினேன்: ஸ்பிரிங்,
அதன் கீழே லீவரைப் பள்ளத்தில் நிறுத்தும் குண்டு.
கையில் உருட்டியபோதே சந்தேகம்.
காலிப்பர் வைத்தேன்.
சைக்கிள் பெடல் குண்டு!
நூல் அளவு சின்னது.
ஆளைத் தேடிப்போய் அறையவேண்டும் என்றேன்.

டீசல் விட்டுத் துடைத்தபோது
மூடிக்குப் பக்கத்தில் பஞ்ச் அடையாளம்:
இரண்டு புள்ளி, இடப்பக்கம் சாய்ந்த ஒரு கோடு.

என்னுடையது.

புயல் அன்று. புதுப்பேட்டையில் ஒரு ஷட்டர்கூடத் திறக்கவில்லை.
கரண்ட் இல்லை, கஃபூரும் வரவில்லை.
குண்டு உருண்டு சாக்கடைக்குள் போனது.
சுவரில் சாய்ந்திருந்த என் சைக்கிளைப் பார்த்தேன்.
இப்போதைக்கு ஓடட்டும், நாளைக்கு மாற்றிக்கலாம்.
அந்த நாளைக்கு ஆறு வருஷம்
படகு இழுத்திருக்கிறது.

புதுப்பேட்டையில் சரியான குண்டு கிடைத்தது.
சீல், பேரிங், எண்ணெய், மெல்லிசாய்ப் பசை.
லீவரைத் தள்ளினால் "டக்"கென்று உட்கார்ந்தது,
வீட்டுக்காரன் உட்கார்வதுபோல.
பில்லில் கூலி என்ற இடத்தில்தான்
பேனா கொஞ்ச நேரம் நியூட்ரலில் கிடந்தது.

தேசப்பன் வந்தான். போட்டான், எடுத்தான், போட்டான்.
"இப்ப நிக்குது. முன்ன எவன் கை வச்சான்?"
"நான்தான்."
கஃபூர் ரேடியோ சத்தத்தைக் குறைத்தான்.
தேசப்பன் என்னைப் பார்த்தான், பில்லைப் பார்த்தான்,
எண்ணிவைத்த கட்டிலிருந்து
இருநூறை உருவிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு
மீதியைக் கொடுத்தான்.
ஒரு வார்த்தையும் இல்லை.
வண்டி எண்ணூர் சாலைப்பக்கம் திரும்பியது.

சாயங்காலம் டீக்குச் சில்லறை எடுத்துக் கொடுத்தேன்.
கடைக்காரர் எண்ணிவிட்டு
குண்டை மட்டும்
திருப்பிக் கொடுத்தார்.