சீவல்

கீரிப்பாறைச் சரிவில் விடியுமுன்
முந்நூறு ரப்பர் மரம் வெட்டுகிறவன் நான்.
மரத்தடியில் ஈரச் சீவல் கிடந்தால்
இன்று பால் இறங்கியது என்று கணக்கு.

ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியில்
சி-பெப்டைடு என்று டாக்டர் விளக்கியது
எனக்கு அப்படித்தான் புரிந்தது.
இன்சுலின் உள்ளேயே ஊறினால்
கூட உதிர்கிற சீவல்.
ஊசியில் ஏற்றுவதற்குச் சீவல் கிடையாது.

ஆராய்ச்சிக்கென்று ஐந்து குழாய் ரத்தம்.
ஒன்று லெப்டினுக்கு, ஒன்று சி.ஆர்.பி.க்கு.
உடம்பில் அழற்சி இருக்கிறதா பார்க்க என்றார்கள்.
"காய்ச்சல் இல்லியே, பின்னே எங்க எரியுது?"
பெனிஷா கேட்டாள், ஒன்பது வயது.
ஊசி பிடித்த பெண்
பஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தாள்.

இரண்டு வாரம் கழித்து
குலசேகரம் பஸ்ஸில் தாளைப் பிரித்தேன்.
போன ஆடியில் புள்ளி இரண்டு.
இப்போது புள்ளி பூஜ்யம் ஐந்து,
அதற்கு முன்னால் ஒரு சின்னக் குறி,
சாய்த்துப் போட்ட வெட்டுப்போல.
அதற்கும் கீழே என்று அர்த்தமாம்.
மிஷினுக்கு அதற்குக் கீழே கண் தெரியாது.

மழையானால் வெட்டு இல்லை.
தை மாசியில் இலை உதிர்த்து மரம் கிடக்கும்,
யாரும் தொட மாட்டோம்.
என் தோளில் சாய்ந்திருந்தவளின்
பத்து விரல் நுனியும் கரும்புள்ளி.

"எவ்வளவுப்பா?" கண் திறக்கவில்லை.
"கொஞ்சம் கிடக்கு."
"சைபர் இல்லல்லா?"
"இல்ல மக்ளே."
"அப்பம் ராத்திரி மரச்சீனி
ஒரு துண்டு கூட."

வேர்க்கிளம்பி தாண்டும்வரை
அந்த ஒரு துண்டுக்கு
எத்தனை யூனிட் என்று
விரல்விட்டுக்கொண்டிருந்தேன்.