நிலை நான்கு

டர்பன் மேலே வியர்த்துக்கொண்டிருக்கிறது.
இங்கே அடித்தளத்தில் இருபத்தொரு டிகிரி,
கூடவும் கூடாது குறையவும் கூடாது.
வெள்ளை உறைக்குள் நான்.
என் மூச்சுதான் இந்த அறையின் அழுக்கு.

இன்றிரவு எழுத வேண்டியது ஒரு கம்பி,
அகலம் இருபது நானோமீட்டர்.
பார்க்க வருபவர்களுக்குத் தலைமுடியை உவமை சொல்வார்கள்.
நான் சொல்வதில்லை.
சொன்னால் முடி தடிக்கிறதே தவிர
கோடு மெலிவதில்லை.

எலெக்ட்ரான் கற்றைக்கு மை கிடையாது.
பட்ட இடத்தில் பிசின் பலம் இழக்கும்,
கழுவினால் அங்கே மட்டும் கரைந்து போகும்.
அந்தப் பள்ளம்தான் எழுத்து.

ஆனால் எலெக்ட்ரான் சொன்ன இடத்தில் நிற்காது.
சிலிக்கானில் மோதித் திரும்பி
பக்கத்துக் கோட்டிலும் ஏறும்.
நெருங்கி நிற்பவற்றுக்கு அதனால் குறைத்தே ஊற்றுவோம்.
"பந்தியில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தால்
அடுத்த இலைச் சோறும் நம் இலையில்தானே" என்றேன் ஒருமுறை.
நொம்வுலா சிரித்துவிட்டு
அளவு அட்டவணையைத் திருத்தினாள்.

ஆவணக் காப்பகத்தில் ஒரு வரைபடம் பார்த்திருக்கிறேன்:
கேட்டோ மேனர், மேலே சிவப்புப் பென்சில்,
யார் எங்கே இருக்கலாம் என்று.
மழுங்கிய முனை. கோடு ஒரு மில்லிமீட்டர்.
அளவுகோல் வைத்துப் பெருக்கினேன் (வேலைப் பழக்கம்):
தரையில் பன்னிரண்டு மீட்டர்.
ஒரு வீடு, கிணறு, கொய்யா மரம்
மூன்றும் கோட்டுக்குள்ளேயே அடங்கும்.
அவை எந்தப் பக்கம்?

பத்து மணிக்கு நொம்வுலாவின் செய்தி:
நிலை நான்கு. நமக்கு நள்ளிரவில் வெட்டு.
ஜெனரேட்டருக்கு டீசல் இன்னும் வரவில்லை.
பேட்டரி வெற்றிடத்தைக் காக்கும், கற்றையைக் காக்காது.

பதினொன்று ஐம்பத்தெட்டுக்குக் கற்றையை மூடினேன்,
கம்பி பாதியில்.
இரண்டரை மணி நேரம் இருட்டில்
வெற்றிடப் பம்பின் முனகலை எண்ணினேன்.
துறைமுகத்துக்குப் போகும் லாரி ஒவ்வொன்றும்
கம்பிக்குள்ளேயே ஓடுவது போலிருந்தது.

விட்ட இடத்தைத் தேடிப் பிடித்து
மீதியை எழுதி, கழுவி, பொன் படியவைத்து
விடிந்தபின் நுண்ணோக்கியில் பார்த்தோம்.
நடுவில் ஒரு முறிவு போல.
பதினான்கு நானோமீட்டர் விலகல்.
மீதி ஆறு
தொட்டுக்கொண்டிருக்கிறது.

"தூக்கிப் போடலாமா?" என்றாள்.
போடும் முன் ஊசிகளை இரு முனையிலும் வைத்தோம்.
முள் கொஞ்சம் யோசித்து
அசைந்தது.

கரண்ட் போன இடம் அது.
கரண்ட் போகிறது.