கேட்டது கேட்டபடி

பக்கத்துக்கு இத்தனை பென்ஸ் என்று கூலி.
கிராய்டனில், வாஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே
என் மேசை.
காதில் ஹெட்போன், காலுக்கடியில் ஒரு பெடல்.
மிதித்தால் நீதிமன்றம் பேசும்.
காலை எடுத்தால்
நீதிபதியே பாதிச் சொல்லில் வாயை மூடுவார்.

விதி ஒன்றுதான்: கேட்டதை அடி.
இருமலை விட்டுவிடு. அழுகையை
அடைப்புக்குறிக்குள் போடு.
திருத்தாதே.

இந்த வாரம் ரோரி பிளங்கெட், வயது பதினெட்டு.
தீர்ப்பு போன மார்ச்சிலேயே வந்துவிட்டது.
மேல்முறையீட்டுக்காக யாரோ
நாலாம் நாள் விசாரணையைக் காகிதத்தில் கேட்கிறார்கள்.

நாலாம் நாள் கூண்டில் ஒரு போலீஸ்காரர்.
பையன்களின் பேச்சுக்கு அகராதி போட்டு வந்திருக்கிறார்,
இரண்டு பக்கம்.
"பீக் என்றால், கனம் நீதிபதி அவர்களே, கெட்ட நேரம்."
"சிகரம் இல்லையா?"
"கெட்ட நேரம், ஐயா."
"அப்படியானால் சிக்?"
"பிரமாதம்."
(சிரிப்பு) என்று அடித்தேன்.
டெட் என்றால் சப்பென்று இருப்பது என்றார்.
அதற்கு மட்டும் ஒருவரும் சிரிக்கவில்லை.

எங்கள் காலத்தில் எது பிடித்தாலும் 'கொடூரம்' என்போம்.
புது ஷூ கொடூரம், பக்கத்து வகுப்பு டேரன் படுகொடூரம்.
கட்டுரையில் ஒருமுறை எழுதப்போக
மிஸ் ஓப்பன்ஷா சிவப்பு மையில் கேட்டார்:
ஏன், அவன் உன்னை என்ன செய்தான்?

நாற்பத்தோராம் நிமிடம்.
யாரோ போனில் எடுத்த வீடியோவைப் போடுகிறார்கள்.
மழை. ஓடும் கால்கள். ரோரியின் குரல்:
"அலவ் இட், மேன். அலவ் இட்."

தாள் புரள்கிறது.
"அனுமதி கொடுக்கிறார், ஐயா.
நடக்கட்டும், விடு என்று கூட்டாளியிடம் சொல்கிறார்."
எந்த வக்கீலும் எழவில்லை.
யாரோ தண்ணீர் ஊற்றும் சத்தம்.
அடுத்த சொல்லுக்குப் போய்விட்டார்கள்.

காலை எடுத்தேன்.

என் வீட்டில் அந்தச் சொல் நாளுக்குப் பத்து தடவை.
சிங்க்கில் தட்டு கிடக்கிறதே என்றால்
அலவ் இட், மம்.
போனில் யார் அந்தப் பையன் என்றால்
மாடிப்படியில் பாதி தூரத்திலிருந்து, அலவ் இட்.
என் மகள் கேசியா இதுவரை
எனக்கு எதற்கும் அனுமதி தந்தவள் இல்லை.
அவள் சொல்வது
போதும், விடு.

அதே விடுதான்.
கத்தியைப் போகவிடச் சொன்னதாகவும் எழுதலாம்,
கையைப் பிடித்து இழுத்ததாகவும்.

பின்னால் ஓட்டினேன், மறுபடி மிதித்தேன்.
ஏழு தடவை.
இரண்டாவது அலவ் இட்டில் குரல் உடைகிறது.
உடைந்த குரலுக்குக் கீபோர்டில் சாவி கிடையாது.

ரகசியம் காப்பதாகக் கையெழுத்துப் போட்டவள் நான்.
கேசியாவைக் கூப்பிட்டு ஒரு காதுக்கு ஹெட்போனைக் கொடுத்தேன்.
டோஸ்ட் மென்றபடி கேட்டாள்.
மெல்லுவது நின்றது.
"நிறுத்தச் சொல்றான், மம். அவனை விடுங்கறான்."
அப்புறம், "யாரு இது?"
"வேலை" என்றேன்.

கேட்டபடியே அடித்தேன்,
போலீஸ்காரரின் விளக்கத்தையும், ஓர் எழுத்து பிசகாமல்.
பக்கம் அறுபத்திரண்டு, வரி பதினாலு.
அனுப்பும் மின்னஞ்சலில், இருபத்திரண்டு வருடத்தில்
முதல் தடவையாக, யாரும் சொல்லாத ஒரு வாக்கியம்:
தயவுசெய்து பக்கம் 62, வரி 14-ஐ
பதினெட்டு வயதுள்ள யாரிடமாவது வாசித்துக் காட்டவும்.

ஐந்து நிமிடத்தில் அலுவலகத்திலிருந்து பதில்.
சியர்ஸ்.
அவ்வளவுதான்.

சியர்ஸ் என்றால் நன்றி.
சியர்ஸ் என்றால் சரி, போய் வா.
படித்துவிட்டுச் சொன்னதாகவும் இருக்கலாம்,
படிக்காமலே சொன்னதாகவும்.